ஓடைக்கரை மரநடவுத் திட்டம்: வௌவால்கள் பற்றி ஒரு விண்ணப்பம்

சங்கத்துப் பெரியவர்களுக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

ஓடையை ஒட்டிய ஒன்றரை ஏக்கர் பொதுநிலத்தில் புதரை வெட்டிச் சீராக்கி, வரிசையாகச் சில்வர் ஓக் நட்டு மிளகு ஏற்றலாம் என்ற திட்டத்தை வாசித்தேன். மரம் பெருகினால் வௌவாலும் பெருகும் என்று தலைவர் அண்ணன் எழுதியிருந்தார். மரம் எத்தனை என்பதைவிட மரமும் புதரும் கொடியும் எப்படி நிற்கின்றன என்பதுதான் அங்கே எந்த வௌவால் இரை பிடிக்க முடியும் என்பதைத் தீர்மானிக்கிறது. அதைச் சொல்லவே இந்த மடல்.

பூச்சி தின்னும் வௌவால்களில் பெரும்பாலானவை தம் குரலின் எதிரொலியைக் கேட்டே இரை இருக்கும் இடத்தை அறிகின்றன. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். ஒரு குரல் 5 மில்லிநொடி நீடிக்குமானால், 85 சென்டிமீட்டருக்குள் இருக்கும் பூச்சியின் எதிரொலி அந்தக் குரல் அடங்குவதற்கு முன்பே காதுக்கு வந்துவிடும். பூச்சிக்குப் பின்னால் 10 சென்டிமீட்டரில் ஒரு காப்பி இலை இருந்தாலோ, இலையின் எதிரொலி 0.6 மில்லிநொடிகூட இடைவெளி விடாமல் தொடர்ந்து வந்து பூச்சியினுடையதை அமுக்கிவிடும். கொட்டு முழங்கும் திருவிழாவில் குழந்தையின் குரலைத் தேடுவதற்கு ஒப்பானது இது.

திறந்த வெளியில் பறக்கும் வால்நீண்ட வௌவாலுக்கு இந்தத் தொல்லை இல்லை. குறுகி நீண்ட இறக்கையோடு விரைந்து பறந்து, தாழ்ந்த அதிர்வெண்ணில் நீண்ட குரல் எழுப்பித் தொலைவிலேயே பூச்சியைக் கண்டுகொள்ளும். ஆனால் அதே இறக்கையோடு கிளைகளுக்கிடையே புகுந்து திரும்ப அதனால் இயலாது. நெருக்கமான நிழலுக்குள் பிழைப்பவை வேறு. குதிரைலாட வடிவ மூக்குமடல் கொண்ட வௌவால் மிக உயர்ந்த ஒரே அதிர்வெண்ணில் குரலை நீட்டி மூக்கின் வழியே அனுப்புகிறது. அசையாத இலையிலிருந்து எதிரொலி ஒரே சீராகத் திரும்பும். சிறகடிக்கும் அந்துப்பூச்சியிலிருந்தோ விட்டுவிட்டு மினுங்குவதுபோல் வரும். அந்த மினுக்கத்தைக் கொண்டே இலைக்கூட்டத்தில் பூச்சியை அது பிரித்தறிகிறது. தான் முன்னோக்கிப் பறக்கும்போது எதிரொலியின் அதிர்வெண் கூடிவிடும் என்பதால், அதற்கு ஈடாகத் தன் குரலையே சற்றுத் தாழ்த்திக்கொள்கிறது; இதை 1968-இல் ஷ்னிட்ஸ்லர் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் நிறுவினார். அத்தனை உயர்ந்த ஒலி காற்றில் விரைவில் தேய்ந்துவிடுவதால், சில மீட்டர்களுக்கு அப்பால் அதற்குப் பயனில்லை. ஆகவே இந்த வௌவாலுக்குக் கிளை நெருக்கம்தான் வேட்டைக்களம்.

மூன்றாவது வகையை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம், பெயர்தான் தெரியாது. காப்பிப் பழத்தின் தோலுரிக்கும் இயந்திரம் இருந்த பழைய பல்பர் கொட்டகையில் காலையில் கதவைத் திறந்தால் ஒரு மூலையில் மட்டும் வெட்டுக்கிளி இறக்கைகளும் தவளைக்கால் ஒன்றும் கிடக்கும். பூனையின் வேலை என்று ஆத்தா திட்டுவார். நிமிர்ந்து பார்த்தால், நடுவில் ஒட்டிய பெரிய காதுகளோடு இரண்டு மூன்று வௌவால்கள் தொங்கும். தரையில் சருகு சரசரப்பதைக் காதால் கேட்டே இவை இரையின் மேல் இறங்குகின்றன. எலி, தவளை, பல்லி எல்லாம் இவற்றின் உணவு. சருகை முழுக்கக் கூட்டி எரித்த தோட்டத்தில் அந்தச் சரசரப்புக்கே இடமில்லை.

இப்படி ஒரே ஊரில் வாழும் வௌவால் இனங்கள் உயரத்தாலும் இலை அடர்த்தியாலும் இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதற்கு வெளிநாட்டுக்குப் போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. நம் மலையிறக்கத்திலுள்ள மதுரையில் கெர்ஹார்ட் நோய்வைலர் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் 1980-களில் இதை ஆராய்ந்து எழுதினார்.

ஆக, புதரை அகற்றிக் கிளை கழித்த சில்வர் ஓக் மட்டும் நின்றால், வௌவாலே இல்லாமல் போய்விடாது. மேலே பறப்பவையும் ஓரங்களில் பறப்பவையும் இருக்கும். குதிரைலாட மூக்குடையதும் சருகைக் கேட்டு வேட்டையாடுவதும் போய்விடும். மாலையில் ஊருக்கு மேலே பறப்பவற்றைப் பார்த்துவிட்டு "அதான் இருக்கிறதே" என்று நாம் ஏமாந்துவிடக் கூடாது. பாதைக்குத் திட்டமிட்டிருக்கும் சோலார் விளக்குகளும் அப்படியே: வெளிச்சத்தைச் சுற்றும் பூச்சிக்குச் சில வௌவால்கள் வரும், நிழல்வாசிகள் ஒதுங்கிவிடும்.

வௌவால் வந்தால் காப்பித் தண்டுத் துளைப்பானைத் தின்றுவிடும் என்று குழுவில் ஒருவர் எழுதியதை மட்டும் வாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வண்டு வெயிலில் நடமாடுவது. அதைக் குறைப்பது நிழல்தான். அந்த வகையில் அடர்ந்த நிழலைக் காப்பது தோட்டக்காரருக்கும் ஆதாயமே.

என் விண்ணப்பம் இதுதான். ஓடையின் இருபுறமும் 10 மீட்டர் அகலத்துக்குப் புதரையும் சருகையும் தொடாமல் விடுங்கள். மிச்ச இடத்தில் சில்வர் ஓக்குடன் அத்தி, நாவல், பலா, கல்யாண முருங்கை ஆகியவற்றைக் கலந்து நட்டு, நிழல் கவாத்தை, அதாவது நிழல்மரங்களின் கிளை கழிப்பை, ஒரே ஆண்டில் முழுவதும் செய்யாமல் பாதிப் பாதியாகச் செய்யலாம். பல்பர் கொட்டகைக்குப் புதிய தகரம் போடும்போது மேல்சாளரத்தை அடைக்க வேண்டாம். கூடுதலாகும் நாற்றுச் செலவில் என் பங்கை இந்த மாதச் சந்தாவோடு சேர்த்து அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
மேலத்தெருக்காரன், மஸ்கட்டிலிருந்து