சூளைப் பக்கத்துப் பள்ளியில் நுரையீரல் வகுப்பு: பணத்துக்கு எங்கே போவது?

பெரம்பூர்த் தாத்தா:
நான் படித்த பள்ளி திருவள்ளூர் பக்கம், செங்கல் சூளைகளுக்கு நடுவே. பிள்ளைகள் பலர் இருமிக்கொண்டேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆஸ்துமா, காசநோய், விறகடுப்புப் புகை பற்றி மாதம் ஒரு வகுப்பு நடத்த ஆசை. கையில் இருப்பது ஓய்வூதியம்தான். யார் உதவுவார்கள்?

கணக்கர்:
2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தலைமை ஆசிரியரின் கடிதமும் செலவுக் கணக்கும் கொண்டு போங்கள். வெறுங்கையோடு போனால் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள்! 2022இல் வந்த 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தில் முன்னாள் மாணவர்களும் பணம் தரலாம்.

செவிலியர் அக்கா:
ஐயா, பெரிய செலவே வேண்டாம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் (ஆஸ்துமா மருந்தை மூச்சோடு உள்ளிழுக்கும் கருவி) வாய் நுழையுமளவு ஓட்டை போட்டால் ஸ்பேசர், அதாவது அந்த மருந்து நுரையீரலுக்குள் நன்றாகப் போக உதவும் கூடு, தயார்.

பெரம்பூர்த் தாத்தா:
அப்படியா! சரிம்மா, பாட்டில் சேர்க்க ஆரம்பிக்கிறேன்.