2001 டேடோனா: வால்ட்ரிப் வெற்றியைப் பிச்சை என்று சொல்பவர்களுக்கு

பிட்ரோடு:
நேற்று இன்னொரு இழையில் ஒருவர் போகிற போக்கில் எழுதியிருக்கிறார்: "2001 டேடோனா 500 வெற்றி, மைக்கேல் வால்ட்ரிப்புக்கு டேல் எர்ன்ஹார்ட் போட்ட பிச்சை." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 462 பந்தயங்கள் வெற்றியே இல்லாமல் ஓட்டிய மனிதர், 463-வதில், அதுவும் அமெரிக்கக் கார் பந்தயத் தொடரான நாஸ்காரின் மிகப் பெரிய பந்தயத்தில் முதலாவதாக வந்தார். அதே கடைசிச் சுற்றில், நான்காம் வளைவில் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்துபோனார். அன்றிலிருந்து அந்த வெற்றியை யாரும் வெற்றியாகப் பேசுவதே இல்லை. துக்கம் சரி. பிச்சை என்பது என்ன பேச்சு? எர்ன்ஹார்ட் மூன்றாம் இடத்தில் ஓடினார், அந்த இடத்தைக் காத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

கறுப்புமூன்று:
எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், போன மாதமும் இப்படித்தான் சுற்றி வளைத்தீர்கள். வீடியோவை மறுபடி போட்டுப் பாருங்கள். முன்னால் வால்ட்ரிப்பின் 15-ஆம் எண் கார், அடுத்து எர்ன்ஹார்ட்டின் மகன் ஜூனியர் ஓட்டிய 8, அதற்கும் பின்னால் எர்ன்ஹார்ட்டின் 3. முன்னால் போன இரண்டு கார்களுக்கும் முதலாளி அவரே. பின்னால் வருகிற கூட்டம் கீழே வந்தால் கீழே இறங்குகிறார், மேலே வந்தால் மேலே ஏறுகிறார். 76 பந்தயம் ஜெயித்தவர் மூன்றாம் இடத்துக்காகவா இந்தப் பாடுபட்டார்? மறித்தார் ஐயா, மறித்தார்.

பிட்ரோடு:
காத்துக்கொண்டார். அப்போது டேடோனாவில் ரெஸ்ட்ரிக்டர் பிளேட் (எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் தகடு) போட்டு எஞ்சின் சக்தியைக் குறைத்திருந்தார்கள். பின்னால் தள்ள ஆளில்லாமல் வரிசையை விட்டு வெளியே வந்தால் ஏழெட்டு கார் மளமளவென்று தாண்டிப் போய்விடும். மூன்றாம் இடத்தில் இருக்கும் எவரும் அதைத்தான் செய்வார். இன்னொன்று: முடிவுக்கோட்டில் ஜூனியர் 0.124 விநாடிதான் பின்தங்கினார். அவ்வளவு நெருக்கத்தில் ஒருவர் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு வரும்போது முன்னால் நிற்பதற்குப் பெயர் பிச்சையா?

வளைவு4:
இதில் ஸ்டெர்லிங் மார்லினை யாரும் இழுக்காதீர்கள். எர்ன்ஹார்ட்டின் காரை லேசாக உரசியதற்கு அந்த ஆளுக்குக் கொலை மிரட்டல் வந்தது. ஜூனியரே முன்வந்து அவர்மேல் தப்பில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று.

கறுப்புமூன்று:
மார்லின் பெயரை நான் எடுக்கவே இல்லை. படித்துவிட்டு எழுதுங்கள். உயிரைக் குடித்தது அறுந்துபோன சீட் பெல்ட்.

வளைவு4:
அந்த ஆகஸ்டில் வந்த நாஸ்கார் அறிக்கை பெல்ட்டை மட்டுமா சொன்னது? கென் ஷ்ரேடர் என்ற ஓட்டுநரின் கார் இடித்தது, மோதிய கோணம் எல்லாம் சேர்ந்துதான். கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவியை அவர் போடவில்லை. ஆடம் பெட்டி, கென்னி இர்வின், டோனி ரோப்பர் என்று 2000-இல் மட்டும் மூன்று ஓட்டுநர்கள் இறந்துபோனார்கள். அப்போதும் கட்டாயமாக்காமல், 2001 அக்டோபரில்தான் விதி கொண்டுவந்தார்கள். அதைப் பேசுங்கள்.

மழைத்துளி:
எஃப்1 பக்கம் வாருங்கள். 1994 இமோலாவில் சென்னா இறந்தார், ஜெயித்தது ஷூமாக்கர். யாராவது பிச்சை என்றார்களா? இடதுபக்கம் மட்டும் திரும்புகிற ஆட்டத்துக்கு இவ்வளவு சண்டை!

கறுப்புமூன்று:
சென்னா முதலிடத்தில் ஓடும்போது மோதினார். ஷூமாக்கருக்காக யாரையும் மறிக்கவில்லை. இவர் மறித்தார்.

பிட்ரோடு:
காத்துக்கொண்டார்! இமோலா கதை இங்கே வேண்டாம், மழைத்துளி. இடதுபக்கம் திரும்புவது அவ்வளவு சுலபமென்றால் நீங்கள் ஒருமுறை 200 சுற்று ஓட்டிக் காட்டுங்கள்.

அன்றைய காட்சி எனக்கு மறக்காது. ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் வர்ணனை செய்த மைக்கேலின் அண்ணன் டேரல், தம்பி கோட்டைத் தாண்டியதும் குரல் தழுதழுக்கக் கத்தினார். அடுத்த நிமிடமே டேலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். அந்தப் பக்கம் கென் ஷ்ரேடர் 3-ஆம் எண் காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, பதறிப்போய் மருத்துவக் குழுவைக் கையசைத்துக் கூப்பிட்டார். மைக்கேலோ முதலாளி வந்து கட்டிப்பிடிப்பார் என்று வெற்றி மேடையில் காத்துக்கொண்டு நின்றார். ஷ்ரேடர்தான் அங்கே போய் நிலைமை மோசம் என்று சொன்னார். பதினாறு வருடம் காத்திருந்த மனிதருக்குச் சில நிமிடம்கூட முழுசாகச் சந்தோஷம் கிடைக்கவில்லை. அவரைப் போய்ப் பிச்சைக்காரன் என்கிறீர்கள்.

கறுப்புமூன்று:
பிச்சைக்காரன் என்று நான் எழுதவில்லை. வார்த்தையைத் திரிக்காதீர்கள். மொத்தமே நான்கு வெற்றி, நான்கும் அந்த பிளேட் போட்டு ஓட்டிய டேடோனா, டல்லடேகா தடங்களில். 2003 டேடோனா 500-ஐ மழை வந்து 109 சுற்றோடு முடித்துக் கொடுத்தது. அதையும் அவர் ஓட்டியே ஜெயித்தார் என்பீர்களா?

பிட்ரோடு:
மழை வரும்போது முன்னால் இருந்தது யார்? 1996-இல் சார்லட்டில் வுட் பிரதர்ஸ் அணியின் காரில் ஆல்ஸ்டார் பந்தயத்தை ஜெயித்தாரே, அப்போது யார் மறித்தார்கள்?

கறுப்புமூன்று:
அது புள்ளிக் கணக்கில் சேராத பந்தயம். கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். 2001-இல் 3-ஆம் எண் கார் மறித்ததா, இல்லையா?

பிட்ரோடு:
காத்துக்கொண்டது. இன்றிரவு கடைசிச் சுற்றுகளின் காட்சியை ஒவ்வொரு வளைவாகப் பிரித்து இங்கேயே போடுகிறேன். ஓடிவிடாதீர்கள்.

கறுப்புமூன்று:
போடுங்கள். நான் எங்கும் போகவில்லை.