டஸ்கலூசா ஊரிலுள்ள அலபாமா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக இருந்த நிக் சேபன் காலத்து ஆட்டங்களை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

பழைய டஸ்கலூசாவாசி:
2007 ஏப்ரல், ஏ-டே. அணி தனக்குள்ளேயே பிரிந்து ஆடும் பயிற்சி ஆட்டம்தானே, அனுமதியும் இலவசம் என்று நானும் அறைத்தோழனும் மெதுவாகக் கிளம்பினோம். போனால் கேட்டைச் சாத்திவிட்டார்கள். உள்ளே 92,138 பேர்! சேபன் அலபாமாவுக்கு வந்து இன்னும் ஒரு நிஜ ஆட்டம்கூட ஆடவில்லை. என் பக்கத்தில் ஒரு பெரியவர், அலபாமாவின் அந்தக்காலப் பயிற்சியாளர் 'பேர்' பிரையன்ட் போடுவாரே அந்தக் கட்டம் போட்ட தொப்பியோடு. உள்ளே கூச்சல் எழும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொள்கிறார். 1992க்கு அப்புறம் தேசியப் பட்டமே பார்க்காத ஊர், பாவம். அந்த நவம்பரிலேயே லூசியானா-மன்ரோ என்ற சின்ன அணியிடம் 21-14 என்று தோற்றார்கள். அன்று அந்தப் பெரியவர் என்ன பாடுபட்டாரோ!

ஆபர்ன்காரன்:
எங்கள் கதையைக் கேளுங்கள். 2013 நவம்பர் 30, எங்கள் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் ஜோர்டன்-ஹேர் மைதானம், மாணவர் பகுதி. அலபாமாவோடு 28-28. நேரம் முடிந்தது, ஓவர்டைம் என்று மூச்சு விட்டால், சேபன் விடவில்லை. ரீப்ளே பார்க்கவைத்து ஒரு நொடியைத் திரும்ப வாங்கினார். பேராசை. 57 கெஜத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே மூன்று புள்ளிக்கு ஒரு உதை, பந்து எட்டவில்லை, பின்கோட்டருகே கிறிஸ் டேவிஸ் பிடித்துவிட்டார். எதிரே இருப்பதெல்லாம் உதைக்குக் காவல் நிற்கும் மலைமாடுகள், அவரை எங்கே துரத்துவது? அவர் பாதி மைதானம் தாண்டும்போதே எனக்குக் குரல் போய்விட்டது. வேலிச்செடியைத் தாண்டிக் குதித்ததில் ஒரு ஷூவும் போச்சு. பந்தோடு எதிர்முனைக் கோட்டைத் தாண்டிவிட்டார், டச்டவுன், ஆறு புள்ளி. 34-28, நாங்கள் ஜெயித்தோம்.

அட்லாண்டா மாமா:
தம்பி, பேராசை என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். வழக்கமாக உதைப்பவர் அன்று மூன்று வாய்ப்பைக் கோட்டை விட்டிருந்தார், அதனால்தான் காலில் பலமுள்ள சின்னப் பையனை இறக்கினார். கணக்கு சரி, பின்னால் ஓடித் தடுக்கிற ஆளை வைக்காததுதான் கோளாறு. இதே துணிச்சல்தான் 2018 ஜனவரியில் பட்டம் வாங்கித் தந்தது. இறுதி ஆட்டம், இடைவேளையில் ஜார்ஜியா 13-0 முன்னிலை. வழக்கமாகப் பந்தெறியும் ஜேலன் ஹர்ட்ஸை உட்கார வைத்து, முதலாமாண்டுப் பையன் டுவாவை இறக்கினார். ஓவர்டைமில் அவன் அடி வாங்கி 16 கெஜம் பின்னால் போனதும் நான் டிவியை அணைக்க எழுந்தேன். அடுத்த பந்து 41 கெஜம், டச்டவுன். ரிமோட் கையிலேயே இருக்கிறது, மனைவி "யாருக்கு என்ன ஆச்சு" என்று ஓடி வருகிறாள்.

பேட்டன் ரூஜ் ராஜி:
எங்கள் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு 2003 பட்டம் வாங்கிக் கொடுத்தவர்தான். மயாமியின் தொழில்முறை அணிக்குப் போனார், சரி. 2006 டிசம்பரில் அலபாமா போக மாட்டேன் என்றார், ஜனவரி 3க்குள் அங்கேயே கையெழுத்து! 2008இல் முதல்முறை எதிரணியோடு எங்கள் ஊருக்கு வந்தபோது என் காதே அடைத்துப்போகிற அளவுக்கு ஊளை. அவர் முகத்தில் சலனமே இல்லை, கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஓவர்டைமில் ஜெயித்தும் போனார். அது இருக்கட்டும். இந்த வருடம் டஸ்கலூசாவுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால்: 2024 ஜனவரியில் அவர் ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் ஆட்ட நாள் மாறவில்லை. காரை எடுக்காதீர்கள், நடந்தே போங்கள். முதுகுப்பையை உள்ளே விடமாட்டார்கள், கண்ணாடி மாதிரி தெரிகிற பை வாங்கிக்கொள்ளுங்கள். செப்டம்பர் வெயில் நம்ம ஊரை மிஞ்சும், தொப்பி வேண்டும். ஆரஞ்சு எதிரணிகளின் நிறம், அந்தச் சட்டை வேண்டவே வேண்டாம். யாராவது அலபாமா ரசிகர்களின் முழக்கமான "ரோல் டைட்" என்றால் அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள், விளக்கம் கேட்டு நின்றால் அரை மணி நேரம் போய்விடும்.