சங்கக் கணினியின் இமேஜ் ஏறவில்லை: பணம் அனுப்பும் முன் ஒரு நிமிடம்

எல்லோருக்கும் வணக்கம்.

சங்கத்தின் பழைய கணினியை 2019-இல் தம்பி அப்படியே படியெடுத்து வைத்த பேக்கப்தான் இந்த இமேஜ். அதைப் புதுக் கணினியில் ஏற்றப் (ரீஸ்டோர் செய்யப்) பார்த்தோம், ஏறவில்லை. அதுபற்றிப் பொருளாளர் சித்தப்பா எழுதிய மடலை நேற்று ராத்திரிதான் பார்த்தேன். தரவு மீட்கும் இடத்துக்கு முன்பணம் கட்ட ஆளுக்குக் கொஞ்சம் போடச் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டு பேர் சரி என்றும் சொல்லிவிட்டார்கள். தயவுசெய்து இரண்டு நாள் பொறுங்கள். ரீஸ்டோர் ஆகவில்லை என்பது மட்டும்தான் இப்போது நமக்குத் தெரியும். அதை வைத்து பேக்கப் கெட்டுப்போச்சு என்று முடிவுகட்ட முடியாது. பழுது பார்த்தவர் அப்படிச் சொன்னார் என்பதற்காகக் கையைப் பிசைய வேண்டாம்.

அத்தை சங்க அறைக்குப் போனபோது திரையை மூன்று முறை படம் பிடித்து அனுப்பினார். மூன்றிலும் வேறு வேறு செய்தி இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

முதல் படத்தில், சிஸ்டம் இமேஜ் எதுவும் கிடைக்கவில்லை என்று இருந்தது. பேக்கப் ஹார்டு டிஸ்க்கில் 'விண்டோஸ்இமேஜ்பேக்கப்' என்ற ஃபோல்டர் எல்லாவற்றுக்கும் வெளியே, டிஸ்க்கைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் இருக்க வேண்டும். வேறு ஃபோல்டருக்குள் போனாலோ பெயர் மாறினாலோ ரீஸ்டோர் செய்யும் விண்டோஸ் அதைத் தேடிப் பிடிக்காது. யாரோ ஒழுங்குபடுத்துகிறேன் என்று 'பழைய கணினி' என்ற ஃபோல்டருக்குள் போட்டு வைத்திருந்தார்கள். யார் என்று கேட்கப் போவதில்லை. தொலைபேசியில் நான் சொல்லச் சொல்ல அத்தை அதை வெளியே எடுத்து வைத்தார்.

அப்புறம் வந்தது இரண்டாவது செய்தி: இமேஜ் எடுத்த கணினி பயோஸ் முறை, இந்தக் கணினி ஈஎஃப்ஐ முறை, ஆகையால் ஏற்ற முடியாது. கணினி தொடங்குவதற்கான பழைய முறை பயோஸ், புதிய முறை ஈஎஃப்ஐ. கணினியை எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவில், ரீஸ்டோர் செய்யும் விண்டோஸ் உள்ள ஒரே பென் டிரைவ் இரண்டு தடவை தெரியும். ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ (ஈஎஃப்ஐதான்) என்று இருக்கும், மற்றதில் இருக்காது. புதுக் கணினியில் பழைய முறைக்கும் வழி இருந்ததால், அந்த முன்னொட்டு இல்லாததைத் தேர்ந்தெடுத்து மறுபடி தொடங்கினோம். அந்தத் தடையும் போனது.

மூன்றாவது: மீட்பதற்கு ஏற்ற டிஸ்க் எதுவும் இல்லை. பழைய ஹார்டு டிஸ்க் 500 ஜிபி. புதிதாகப் போட்ட எஸ்எஸ்டி 240 ஜிபி. பழையதன் சி டிரைவில் 61 ஜிபிதான் நிரம்பியிருந்தது என்றாலும் பேச்சுக்கே இடமில்லை. ரீஸ்டோர் பழைய டிஸ்க்கின் அமைப்பை அப்படியே திரும்பக் கட்டப் பார்க்கும். அதனால் குறைந்தது பழைய அளவாவது கேட்கும்.

இமேஜைக் கொஞ்சமாவது படிக்காமல் அது பயோஸில் எடுத்தது என்று சொல்லியிருக்க முடியாது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பைலும் நலம் என்று இதனால் உறுதியாகிவிடாது. ஆனால் செத்துப்போச்சு என்று சொல்ல வேண்டியதும் இல்லை.

என் யோசனை இதுதான். ரீஸ்டோரையே விட்டுவிடுவோம். அது விண்டோஸ் 7. அதற்குப் பாதுகாப்பு மேம்பாடுகள் 2020 ஜனவரி 14-ஓடு நின்றுவிட்டன. அதை உயிர்ப்பித்து இணையத்தோடு இணைக்கவே கூடாது. நமக்கு வேண்டியது உள்ளே இருக்கும் பைல்கள். இந்த இமேஜின் உட்பகுதி விஹெச்டி என்ற வகைப் பைல். விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்டில் 'அட்டாச் விஹெச்டி' கொடுத்தால் அது இன்னொரு டிரைவ் மாதிரித் திறக்கும். அத்தையின் மடிக்கணினியே போதும். முதலில் அந்தப் பைலை வேறு இடத்தில் நகல் எடுத்துக்கொண்டு, நகலை மட்டும் திறக்க வேண்டும். மூலத்தில் யாரும் கை வைக்காதீர்கள். சரிபார்க்கிறேன் என்று, டிஸ்க்கின் பிழைகளைத் திருத்தும் செக்டிஸ்க் நிரலை ஓட்ட வேண்டாம், புதிதாக எதையும் அதில் சேமிக்கவும் வேண்டாம்.

தம்பிக்கு ஒரு வார்த்தை. 2019-இல் நீ ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து எடுத்த பேக்கப்தான் இன்று நம் கையில் இருக்கும் ஒரே பிடி. சிலர் எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

அக்கா

---

அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்,

விளக்கத்துக்கு நன்றி. ஆனால் பொருளாளர் என்ற முறையில் நான் பதில் சொல்ல வேண்டியவன். 2011 முதல் 2019 வரை வரவு செலவு முழுவதும் அந்தக் கணினியில் இருக்கிறது. 2020 முதல் உள்ளது இணையத்தில் இருப்பதால் கவலை இல்லை. தணிக்கைக்குக் கேட்டால் ஒன்பது வருடத்துக்கு நான் எதைக் காட்டுவது?

இன்னொன்று. பேக்கப் ஹார்டு டிஸ்க் வாங்கியதற்கு ரசீது இன்றுவரை என்னிடம் வரவில்லை. மூன்று முறை கேட்டுவிட்டேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. அந்த ஃபோல்டரை 2021-இல் என் பென் டிரைவில் நகல் எடுத்து வைத்தேன். அதையும் இந்த வாரம் முயன்றேன். ஏறவில்லை. இரண்டு இடத்திலும் ஏறவில்லை என்றால் பேக்கப் கெட்டது என்றுதானே அர்த்தம்?

பொருளாளர்

---

இந்த மடலை எழுத எனக்கு விருப்பமே இல்லை.

நம் உறுப்பினர் அத்தனை பேரின் விலாசமும் தொலைபேசி எண்ணும், யார் எவ்வளவு கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்பதும் அந்த டிஸ்க்கில் இருக்கிறது. அதை முன்பின் தெரியாத ஒருவர் மேசையில் வைக்கத்தான் இந்தப் பணமா? இது சங்கத்துக்குத் தலைகுனிவு.

ரசீது, ரசீது என்று எழுதுகிறவருக்குச் சொல்கிறேன். என் மகன் அந்த டிஸ்க்கைத் தன் சம்பளத்தில் வாங்கினான். சங்கத்திடம் ஒரு பைசா கேட்கவில்லை. கேட்காத பணத்துக்கு எதற்கு ரசீது? முன்பு ஒரு தடவை சாவி பற்றிப் பிரச்சினை வந்தபோது நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதற்குக் கிடைத்த மரியாதை இதுவென்றால், இனி மூட மாட்டேன்.

மாமா

---

மாமா, சித்தப்பா, இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

சித்தப்பா, உங்கள் பென் டிரைவில் அந்த ஃபோல்டரின் மொத்த அளவு எவ்வளவு என்று வலது கிளிக் செய்து ப்ராப்பர்டீஸில் பாருங்கள். ஜிபிக் கணக்கில் இல்லாமல் எம்பிக் கணக்கில் மட்டும் காட்டினால் காரணம் இதுதான்: பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே பைலை அது ஏற்காது. பெரிய பைலின் முறை வரும்போது ஓர் எச்சரிக்கை வந்திருக்கும், 'ஸ்கிப்' அழுத்தியிருப்பீர்கள். மீதிச் சின்னப் பைல்கள் எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கும். வெளியே பார்த்தால் ஃபோல்டர் முழுசாகத் தெரியும், உள்ளே சரக்கு இருக்காது. அப்படியென்றால் உங்கள் நகல் ஏறாததை வைத்து மூலத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

மாமா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. உறுப்பினர் விவரம் வெளியே போகக் கூடாது என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் இதில் தலைகுனிவு என்று ஒன்றும் இல்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், வேறு சர்வர் என்று நினைத்து, ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸையே அழிக்கத் தொடங்கிவிட்டார். சுமார் 300 ஜிபி. சுதாரித்து நிறுத்தியபோது மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப்புக்கு அவர்களிடம் பல ஏற்பாடுகள் இருந்தன. தினசரி பேக்கப் எடுக்கும் நிரலின் பதிப்பு டேட்டாபேஸின் பதிப்போடு பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. நடந்ததை எல்லாம் அவர்களே பகிரங்கமாக எழுதினார்கள், மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். அந்தப் பொறியாளரின் பெயரை மட்டும் அந்த அறிக்கையில் போடவில்லை. நாமும் அப்படி நடந்துகொள்ளலாம்.

அந்த பேக்கப்பை ஒரு தடவையாவது திறந்து பார்த்தோமா? 2019-இல் நானும் கேட்கவில்லை. எல்லோரும் "எடுத்தாச்சா, சரி" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம். இதில் என் பங்கும் உண்டு.

அக்கா

---

கண்ணுகளா,

நீ சொன்னபடியே நகல் எடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. திறந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. மனசு உடைந்துவிட்டது.

அந்தக் கணினி முதன்முதலில் வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. தலைவர் ஒற்றை விரலால் உறுப்பினர் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அடிப்பார். தன் பெயர் திரையில் வருவதைப் பார்க்க எல்லோரும் அவர் தோளுக்குப் பின்னால் நிற்போம். 2014-இல் பெரியவர்களை உட்கார வைத்துப் பேசவிட்டுப் பதிவு செய்தோமே, அந்தக் குரல்கள் எல்லாம் அதில்தானே இருக்கின்றன. பேசியவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. கணக்கு போனால் போகட்டும் என்று கூடச் சொல்வேன், சித்தப்பா கோபிக்க வேண்டாம். அந்தக் குரல்கள் வேண்டும்.

அத்தை

---

அத்தை, நீங்கள் திறந்தது சின்னப் பைல்! இரண்டு விஹெச்டி இருக்கும். விண்டோஸ் 7 தொடங்குவதற்கென்று 100 எம்பியில் ஒரு தனிப் பகுதி வைத்திருக்கும், அதற்கு ஒரு பைல். மற்றது சி டிரைவ். இரண்டுக்கும் பெயர் எழுத்தும் எண்ணுமாக நீளமாகத்தான் இருக்கும், பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அளவைப் பாருங்கள். 61 ஜிபி இருப்பதைத் திறங்கள். நான் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன், அழையுங்கள்.

அக்கா

---

எல்லோருக்கும்,

இங்கே இப்போது அதிகாலை மூன்று மணி. தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

பெரிய பைல் திறந்தது. சி டிரைவ் முழுவதும் கண் முன்னால் வந்து நின்றது. பயனர் ஃபோல்டரைத் திறக்கப் போனால் அனுமதி இல்லை என்றது. வேறு கணினியின் பயனருக்கு உரியது என்பதால் அப்படிக் கேட்கும். நாங்கள் திறந்தது நகல்தானே, 'கன்டின்யூ' அழுத்தினோம். திறந்துவிட்டது. 2011 முதல் 2019 வரை ஒன்பது வருடக் கணக்கும் இருக்கிறது சித்தப்பா. ஒவ்வொரு வருடத்தையும் திறந்து கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டோம்.

முதல் நான்கு வருடங்களைத் திறந்ததும் அத்தை மறுபடி பதறினார். தமிழே இல்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தது. அது கெட்டுப்போன பைல் இல்லை. தலைவர் அந்தக் காலத்தில் பாமினி எழுத்துருவில் அடித்தது. எல்லாக் கணினிக்கும் பொதுவான இன்றைய யூனிகோடு முறைக்கு முந்தைய எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அப்படித்தான் தெரியும். வெறும் கணக்குப் பைல்களை மட்டும் யாராவது நகல் எடுத்திருந்தால் எழுத்துருவைத் தேடி அலைந்திருப்போம். தம்பி டிரைவையே இமேஜாக எடுத்ததால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸில் அதுவும் கூடவே இருந்தது. அதை எடுத்து மடிக்கணினியில் போட்டதும் தலைவர் அடித்த பெயர்கள் அப்படியே திரும்பி வந்தன. தொலைபேசியில் அத்தை ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே போனார். நான் நிறுத்தச் சொல்லவில்லை.

இனி வருத்தமான செய்தி. ஒலிப்பதிவுகள் இல்லை. அவை அதே பழைய டிஸ்க்கின் இன்னொரு பகுதியான டி டிரைவில் இருந்தன. சிஸ்டம் இமேஜ் எடுக்கும்போது விண்டோஸ் ஓடுவதற்கு வேண்டிய டிரைவ்களைத்தான் அது தானாகச் சேர்த்துக்கொள்ளும், மற்றதை நாமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். டி டிரைவ் சேர்க்கப்படவில்லை. ஆகவே அந்தக் குரல்கள் இப்போது ஒரே இடத்தில்தான் இருக்கின்றன, டிக் டிக் என்று சத்தம் போடும் அந்தப் பழைய ஹார்டு டிஸ்க்கில். அதற்கு இனிமேல் மின்சாரமே கொடுக்கக் கூடாது. அப்படிச் சத்தம் போடுவதை ஓட்ட ஓட்ட, உள்ளே தட்டைப் படிக்கும் ஹெட் உரசி மிச்சம் இருப்பதும் போய்விடும். இதை வீட்டில் சரிசெய்ய முடியாது. தூசி புகாத அறையில் திறக்கும் வசதி உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆகவே சித்தப்பா கேட்ட பணத்தை இப்போது நானே கேட்கிறேன். பேக்கப்புக்கு வேண்டாம். அந்தப் பழைய டிஸ்க்குக்கு வேண்டும். மாமா, உறுப்பினர் விவரம் அதன் சி டிரைவில் இருப்பதால் உங்கள் கவலை நியாயம்தான். டி டிரைவின் ஒலிப் பைல்களை மட்டும் எடுக்க வேண்டும், வேலை முடிந்ததும் அவர்கள் தங்களிடம் உள்ள நகலை அழிக்க வேண்டும், பழைய டிஸ்க்கை நம்மிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுத்தில் வாங்கிய பிறகுதான் கொடுப்போம். அந்தக் கடிதத்தை நீங்களே எழுதித் தர முடியுமா? உங்கள் எழுத்தில் இருந்தால் எல்லோருக்கும் நம்பிக்கை வரும்.

அக்கா

---

கணக்குப் பைல்கள் வந்து சேர்ந்தன. 2013-இன் இறுதி இருப்பை என் கைக்குறிப்போடு ஒப்பிட்டேன், சரியாக இருக்கிறது. பென் டிரைவ் பற்றி நீ சொன்னதும் சரி. மொத்தம் எம்பிக் கணக்கில்தான் இருக்கிறது. பேக்கப் டிஸ்க்கின் ரசீது பற்றி இனி கேட்க மாட்டேன். மாமா மகனின் நன்கொடை என்று பதிவு செய்துகொள்கிறேன்.

தரவு மீட்கும் இடத்தின் ரசீது சங்கத்தின் பெயரில் வர வேண்டும். 2014 பதிவில் என் அப்பா பேசியிருக்கிறார். அந்தக் குரல் வேறு எங்கும் என்னிடம் இல்லை. என் பங்கை இன்றே அனுப்புகிறேன்.

பொருளாளர்

---

கடிதம் எழுதித் தருகிறேன். ஞாயிறு வரை பொறுங்கள்.

மாமா

---

அக்கா,

இத்தனை நாள் பதில் எழுதாததற்கு மன்னித்துவிடுங்கள். டி டிரைவையும் சேர்க்கட்டுமா என்று கேட்கும் பக்கம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான்தான் டிக் போடவில்லை. ஒலிப்பதிவுகளை அப்புறம் தனியாக நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாளே ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது.

2014-இல் பதிவு செய்தது என் பழைய ரெக்கார்டரில்தான். அதன் மெமரி கார்டு என் பெட்டியில் இருக்கிறது. நேற்று தேடி எடுத்தேன். அதன் பிறகு அந்தக் கார்டை கேமராவில் போட்டுப் பயன்படுத்திவிட்டேன், அதனால் முழுவதும் இருக்காது. ஆனால் அழித்த பைல்களின் மேல் வேறு எதுவும் எழுதப்படாத இடம் இருந்தால் கொஞ்சமாவது கிடைக்குமா? கார்டின் ஓரத்தில் உள்ள பூட்டை நகர்த்தி வைத்துவிட்டேன். கணினியில் இன்னும் செருகவில்லை. நீங்கள் சொன்ன பிறகு செருகுகிறேன்.

தம்பி