ஜாயின்டு போட்டும் ஜாயினே வரவில்லையே?

கேள்வி:
எஸ்கியூஎல்ஆல்கெமி 2.0 (டேட்டாபேஸோடு பேசும் பைதான் லைப்ரரி). மளிகைக் கடை மென்பொருள். பிரிவுகள் எல்லாம் ஒரே டேபிள். பேரன்ட் ஐடி அதே டேபிளைத்தான் சுட்டுகிறது. தானியம், அரிசி, புழுங்கல், பொன்னி என்று நான்கு அடுக்கு. உட்பிரிவுகளைத் தரும் சில்ரன் உறவில் லேசி="ஜாயின்டு" கொடுத்தேன், ஜாயின் போட்டு (டேபிள்களை இணைத்து) ஒரே குவெரியில், அதாவது டேட்டாபேஸிடம் ஒரே கேள்வியில், எல்லாம் வரட்டும் என்று. குவெரிகள் பதிவாகும் லாக்கில் ஜாயினே இல்லை, ஒரு பக்கத்துக்கு 203 குவெரி! ராத்திரி முழுக்க இதோடுதான் மல்லுக்கட்டு.

பதில் 1:
தன்னையே சுட்டும் உறவில் எத்தனை அடுக்கு என்று சொல்லாவிட்டால் அது முன்கூட்டி ஏற்றாது. முடிவில்லாமல் போய்விடுமே. ஜாயின்_டெப்த்=3 என்று ரிலேஷன்ஷிப்பில் சேருங்கள். மேல் அடுக்குக்குக் கீழே மூன்றுதானே, உங்கள் நான்கு அடுக்குக்கு அது போதும்.

பதில் 2:
போதும்தான், ஆனால் அடுக்குக்கு ஒரு லெஃப்ட் அவுட்டர் ஜாயின் (பிள்ளை இல்லாத பிரிவையும் விடாத ஜாயின்). மேல் பிரிவின் விவரம் ஒவ்வொரு வரியிலும் திரும்பத் திரும்ப வரும். நானாக இருந்தால் குவெரியில் செலக்ட்இன்லோட் (பிள்ளைகளை அடுக்குக்கு ஒரு தனிக் குவெரியில் எடுப்பது) போட்டு ரிகர்ஷன்_டெப்த்=-1 கொடுப்பேன். இந்த ரிகர்ஷன்_டெப்த் 2.0-இல் வந்த வசதி. பிள்ளைகள் தீரும்வரை அடுக்கடுக்காக இறங்கும்.

கேட்டவர்:
இரண்டாவதைப் போட்டேன். 203 போய் 5. ஐந்தாவது குவெரி பொன்னிக்குக் கீழே தேடிவிட்டு வெறுங்கையோடு வருகிறது, வரட்டும். அப்புறம், டேபிளை விவரிக்கும் மாடலில் இருந்த ஜாயின்டை எடுத்துவிட்டேன்.