புதுப்பிப்பு: காணாமல் போன ஜெம்கள் திரும்பி வந்தன, விளக்கம் வரவில்லை

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேனே, நான் ஆடும் கேமில் அப்டேட் போட்டதும் காசு கொடுத்து வாங்கிய ஜெம்களில் (கேமுக்குள் செலவழிக்கும் நாணயம்) பாதியைக் காணோம், கேட்டால் பதிலே இல்லை என்று? பதில் வந்துவிட்டது. "உங்கள் கருத்துக்கு நன்றி, குழுவிடம் தெரிவித்துள்ளோம்." நான் அனுப்பிய மூன்று புகார் டிக்கெட்டுக்கும் எழுத்து மாறாமல் இதே வரி. மூன்றாவதில் என் பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் அடைப்புக்குறி!

நான்காவது முறை பில் ஸ்கிரீன்ஷாட்டோடு போனேன். மறுநாள் சத்தமில்லாமல் ஜெம்களைப் போட்டுவிட்டார்கள்.

கடையைத் திறந்தால் புதுக் கூத்து. ஸ்கின் (கேரக்டருக்குப் போடும் புதுத் தோற்றம்) 1,000 ஜெம், பெரிய பேக்கில் இருப்பது 950. அந்த ஐம்பதுக்காக இன்னொரு பேக் வாங்கணும், அதில் மிச்சம் விழும், மிச்சம் கையை அரிக்கும். தெரிந்தே போட்ட கணக்கு. லூட் பாக்ஸில், அதாவது உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் பெட்டியில், எது விழ எவ்வளவு வாய்ப்பு என்பதை வாங்கும் முன்பே காட்டணும் என்று ஆப்பிள் 2017 டிசம்பரிலேயே விதி போட்டது. இவர்களும் காட்டுகிறார்கள்தான், மூன்று மெனு தாண்டி, சாம்பல் நிறப் பொடி எழுத்தில். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-ல் லூட் பாக்ஸைச் சூதாட்டக் கணக்கில் சேர்த்தது சும்மா இல்லை.

இன்னும் ஏன் ஆடுகிறாய் என்று கேட்டவர்களுக்கு: கில்டு ஆட்களுக்காக, கேமில் என்னோடு அணியாக ஆடுபவர்கள். கார்டு விவரத்தை அழித்துவிட்டேன்.