ஈபே ஏலங்களில் கடைசி நொடி வரை காத்திருப்பது ஏன்?

பேனாப்பித்தன்:
பழைய மைப்பேனாக்களைச் சேர்ப்பவன் என்ற முறையில் ஈபே என்ற இணையச் சந்தையின் ஏலங்களைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். நாம் தரக்கூடிய உச்சத் தொகையை ஒருமுறை பதிந்துவிட்டால், மற்றவர் கேட்ட விலையைத் தாண்டத் தேவையான அளவு மட்டும் தளமே நம் சார்பில் ஏற்றிக் கேட்கும். நான் 100 டாலர் பதிந்து, அடுத்தவர் 60 டாலரில் நின்றுவிட்டால், பேனா எனக்கு 61 டாலருக்கே கிடைக்கும். அப்படியிருக்க, ஆறு நாள்கள் ஆளரவமின்றிக் கிடக்கும் ஏலத்தில் கடைசிப் பத்து நொடிகளில் நான்கைந்து பேர் வந்து மொய்ப்பது ஏன்? அதே பொருள் அதே பக்கத்தில் நிலையான விலைக்கு மலிவாகக் கிடைக்கும்போதும் ஏலத்தில் அதைவிடக் கூடுதலாகக் கேட்கிறார்களே, அவர்களுக்குக் கண் தெரியவில்லையா?

ஏலக்கணக்கு:
கடைசி நொடியில் கேட்பவர்களைப் பற்றி நீங்கள் வியப்படைய வேண்டியதில்லை ஐயா. தம் உச்சத் தொகையை முதலிலேயே பதியாமல், யாராவது முந்தினால் மட்டும் ஐந்து பத்தாக ஏற்றுபவர்கள் எல்லா ஏலத்திலும் உண்டு. அவர்களுக்கு மறுபடி கேட்க நேரம் கொடுக்காமலிருப்பதுதான் இதன் சூட்சுமம். ஆல்வின் ராத், ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸ் என்ற பொருளியலாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் ஈபேயை, அப்போது ஏலமும் நடத்திவந்த அமேசானுடன் ஒப்பிட்டார்கள். அமேசானில் இறுதி நேரத்தில் யாராவது கேட்டால், பத்து நிமிடம் எவரும் கேட்காதவரை ஏலம் நீண்டுகொண்டே போகும். அங்கே கடைசி நேரக் கூட்டம் மிகக் குறைவாக இருந்தது. ஈபேயிலும் கணினிகளைவிடப் பழம்பொருள்களில்தான் இவ்வழக்கம் மிகுதி என்று அவர்கள் கண்டார்கள், ஏனெனில் பொருளின் அருமை அறிந்தவர் முன்கூட்டியே கேட்டால், அது மதிப்புள்ளது என்று மற்றவர்களுக்குத் தாமே காட்டிக்கொடுத்ததாகிவிடும். உங்கள் பேனாக்களும் அந்த இனம்தானே.

பழங்கடைக்காரர்:
கூடுதல் விலை கொடுப்பவர்கள் மிகச் சிலரே. உல்ரிகே மால்மென்டியர், யங் ஹான் லீ ஆகியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பலகை விளையாட்டின் ஈபே ஏலங்களை எடுத்துக்கொண்டது. அதே நேரத்தில் அதே தளத்தில் நிலையான விலைக்கும் அது கிடைத்தது. ஆனாலும் 42 விழுக்காடு ஏலங்கள் அவ்விலையைத் தாண்டி முடிந்தன. அவ்வாறு தாண்டிக் கேட்டவர்களோ, ஏலம் கேட்டவர்களில் 17 விழுக்காட்டினர் மட்டுமே. நிதானமாகக் கேட்கும் பத்துப் பேரிடையே மனக்கணக்கு தப்பிய ஒருவர் இருந்தால் போதும், ஏலம் அவரையே தேடிப்பிடித்துப் பொருளைக் கொடுத்துவிடுகிறது. விற்பவர்கள் செய்வதும் விந்தைதான்: பொருளை ஒரு டாலரில் தொடங்கி, அஞ்சல் கட்டணத்தைப் பன்மடங்காகப் போடுபவர்கள் முன்பு ஏராளம். வாங்குபவர் பொருளின் விலையை மட்டுமே பார்ப்பார் என்ற நம்பிக்கை ஒருபுறம். அஞ்சல் தொகைக்குத் தளம் தரகு பிடிக்காது என்பது மறுபுறம். 2011-இல் அமெரிக்காவில் ஈபே அஞ்சல் தொகைக்கும் தரகு விதித்தபின் அந்த இரண்டாவது ஆதாயம் போய்விட்டது.

பேனாப்பித்தன்:
இருவருக்கும் நன்றி. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: சென்ற மாதம் ஒரு பேனாவை ஐந்து ஐந்து டாலராக ஏற்றி, கடைசி நான்கு நொடிகளில் இழந்தவன் நானே.